அத்தையின் தண்ணீர்ப் பிரஷ்

எனக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை சாமி வந்திருக்கிறது. காரணம், பாத்திரம் கழுவும் சோப்பு.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயதுப் பையனுக்குப் பயத்தில் என்னென்ன வருமோ அதெல்லாம் வந்தது. அதில் ஒன்றிரண்டை மஞ்சள் தண்ணீர் மறைத்துவிட்டது என் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மூலம் என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்களோடு இருந்தார். விடிவதற்குள் ஃபேக்டரி பஸ் ஏறி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போய்விடுவார். அங்கே அவர் உட்கார்ந்திருந்த மெஷின், காலால் ஒரு கட்டையை மிதித்தால் ஒரு சொட்டுப் பசையை விடும். ஒரே சொட்டு, கூடவும் விடாது, குறையவும் விடாது. நாள் முழுக்க அந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா ஒரு டீ கிளாஸைக் கழுவக் கால் போத்தல் சோப்பைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். அத்தைக்கு வயிறு எரியும்.

"அண்ணி, பிரஷ்ஷுக்குள்ளேருந்தே சோப்பு வரணும். வேணுங்கிறப்ப, வேணுங்கிற அளவு."

"வரும்லா. அப்படியே அதுவே கழுவி, அதுவே கவுத்தும் வெச்சிரும்."

அம்மாவின் கிண்டல் அத்தையைத் தடுக்கவில்லை. மிளகாய்ச் சாஸ் போத்தலின் வாயில் ஒரு பிரஷ்ஷைக் கட்டினார். அது நன்றாகவே வேலை செய்தது. ஒரு வாரம் எங்கள் தட்டுகளில் காரம் இருந்தது மட்டும்தான் குறை. அடுத்து, கக்கூஸ் கழுவும் பிரஷ்ஷின் கைப்பிடியில் தண்ணீர்க் குழாயைச் சொருகினார். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிய அப்பா, வெள்ளைச் சட்டையோடு அதைத் தெரியாமல் எடுத்து அழுத்திவிட்டார். "இந்த வீட்டுல பல்லு விளக்கக்கூடப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் அடித்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு தைப்பூசத்துக்கு வந்தது.

பூசத்துக்கு முதல் நாள் முருகன் ரதம் டவுனிலிருந்து கிளம்பித் தாத்தோ கெராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும். ரதத்துக்கு முன்னால் சாலையில் தேங்காய் உடைப்பார்கள். நூறு, இருநூறு இல்லை, முட்டியளவு குவியும். ஓடுகளை மண்வெட்டியால் தள்ளிவிடலாம். ஆனால் தேங்காய்த் தண்ணீரும் நசுங்கிய பருப்பும் தாரில் எண்ணெய் பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். ரதத்தோடு வருகிறவர்களோ எல்லோரும் வெறுங்கால். ஒவ்வொரு வருஷமும் நாலு பேராவது வழுக்கி விழுவார்கள். எங்கள் தெருவாசிகள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் அதைக் கழுவ வாளியும் விளக்குமாறும்தான்.

அத்தை ஒரு சாலைப் பிரஷ் செய்தார். ஆள் அகலத்துக்குக் கட்டை, அதில் வரிசையாகத் துளை, கைப்பிடிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். பாசாருக்குக் காய்கறி தள்ளிப்போகும் வண்டியில் ஒரு பெரிய டிரம் நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஒரு எண்ணெய்த் தகரம் நிறையச் சோப்புக் கரைசல். இரண்டிலிருந்தும் இரண்டு குழாய்கள் வந்து பிரஷ்ஷில் சேரும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் விரலால் உருட்டும் சின்னச் சக்கரம் இருக்குமே, அதேபோல் குழாய்க்கு ஒன்று. ரதம் வருவதற்கு முன்னால் தண்ணீர் மட்டும். ரதம் போன பிறகுதான் சோப்பு, மறுநாள் தெரு புளித்து நாறாமல் இருக்க.

பந்தல் தலைவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தையற்கடை வைத்திருந்தவர், எதையும் அளவெடுப்பதுபோல்தான் பார்ப்பார்.

"என்ன தங்கச்சி, சாமிக்கு டிரிப் ஏத்தப் போறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "ஒரு தடவை பாருங்கண்ணே. வாளியில பத்துப் பேரு செய்யிற வேலைய ரெண்டு பேரு செஞ்சிரலாம்."

"ஒரே தடவைதான். சரியா வரலேன்னா இந்த வண்டியப் பந்தல் பக்கம் கொண்டாரக் கூடாது. சரியா?"

"சரிண்ணே."

அந்த இரண்டு பேரில் இரண்டாவது ஆள் நான். பிரஷ்ஷைத் தள்ளுவது அத்தை, சக்கரம் உருட்டுவது நான். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ரதம் என் கையில்தான் இருக்கிறது என்று.

பன்னிரண்டு மணி வெயில். தேங்காய்கள் வெடித்து முடிந்தன. ஆட்கள் ஓடுகளைத் தள்ளினார்கள். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பிரஷ்ஷோடு சாலை நடுவே போய் நின்றார். உறுமி மேளம் காதைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தேன். ரதத்தின் இரண்டு காளைகளும் என்னையே பார்த்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

"தண்ணியத் திற!" என்றார் அத்தை.

திறந்தேன். சோப்பை.

பிரஷ் ஒரு தேய்ப்புத் தேய்த்ததும் சாலையில் வெள்ளையாக நுரை எழும்பியது. தேங்காய்ப் பாலும் சோப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடலாம் என்று சக்கரத்தை உருட்டினேன். உருட்டிய வேகத்தில் குழாய் தகரத்திலிருந்து கழன்று வந்துவிட்டது. அதைப் பிடிக்கப் போய்த் தகரத்தையே கவிழ்த்தேன். அம்மா ஒரு வருஷத்தில் ஊற்றும் சோப்பு ஒரே மூச்சில் தாத்தோ கெராமாட்டில் ஓடியது.

ரதம் முப்பது அடி தூரத்தில். காளைகள், மேளக்காரர்கள், இடுப்பில் குழந்தை வைத்த பெண்கள், எல்லாம் வெறுங்கால்.

புத்திசாலியாக இருந்திருந்தால் தண்ணீரைத் திறந்திருப்பேன். நான் ரதத்தைப் பார்த்து ஓடினேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "வராதே! வராதே!" என்று கத்தினேன். நாலாவது எட்டில் வழுக்கி, வயிற்றில் சறுக்கி, எழுந்தபோது என் முகமெல்லாம் நுரை. வாயிலும் நுரை. கண்ணில் சோப்பு பட்டு விழி மேலே செருகியது. நாக்கு கசந்தது, வெளியே தள்ளினேன். முழங்கால் தானாக ஆடியது.

"ஐயோ, பையனுக்குச் சாமி வந்திருச்சு!" என்று ஒரு அம்மாள் அலறினார்.

அதன் பிறகு என் கையில் எதுவும் இல்லை. யாரோ என்னைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். ஒரு பிடி விபூதி நெற்றியில் விழுந்தது. மேளம் வேகம் பிடித்தது. காளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெரியவர் கற்பூரத்தைக் காட்டி, "யாரு வந்திருக்கிறது?" என்றார் பணிவாக. "நான்தான், மூணாவது மாடி" என்று அழுதேன். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

"சாமி, என் மவளுக்கு வேலை கெடைக்குமா?" என்று ஒரு அக்கா கும்பிட்டார்.

"கெடைக்கும், கெடைக்கும்" என்று விம்மினேன். வேறு என்ன சொல்ல?

"என்ன வேணும் சாமி?"

"தண்ணி!" வாய் அப்படிக் கசந்தது. உடனே மூன்று வாளி மஞ்சள் தண்ணீர் என் தலையில் கொட்டியது. கண் திறந்தது. அப்போதுதான் அத்தையைப் பார்த்தேன்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீர்ச் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டு, வண்டியை இடுப்பால் இடித்து நகர்த்திக்கொண்டே, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிரஷ்ஷை இழுத்தார். பிறகு அங்கிருந்து இங்கே. ஒரு கோடு, அதை ஒட்டி இன்னொரு கோடு. துளி இடம் விடவில்லை. பிரஷ்ஷுக்கு முன்னால் நுரையும் தேங்காய்ப் பிசுக்கும் சேர்ந்து சுருண்டு சாக்கடைக்கு ஓட, பின்னால் தார் கறுப்பாக, பளிச்சென்று வந்துகொண்டிருந்தது. அத்தை மெஷினைப்போல் இயங்கினார்.

"சாமி, வழி விடலாமா?" என்று பெரியவர் மறுபடி கேட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கடைசிக் கோட்டை முடித்து, செருப்பில்லாத காலால் தரையை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"போகலாம்" என்றேன். ரதம் நகர்ந்தது.

காளைகளின் குளம்பு வழுக்கவில்லை. ஒரு கால்கூட வழுக்கவில்லை. குழந்தை வைத்திருந்த பெண்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடந்து போனார்கள்.

ரதம் கடந்ததும் தலைவர் சாலையில் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த தகரத்தைப் பார்த்தார். விபூதியும் மஞ்சளுமாக நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அதற்குள் பந்தலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "சாமி நின்ன எடம்லா, அதான் இப்படிச் சுத்தமா இருக்கு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

தலைவர் அத்தையிடம் கேட்டார்: "என்ன தங்கச்சி, சாமி வேலை செஞ்சுச்சா, பிரஷ் வேலை செஞ்சுச்சா?"

கூட்டம் அத்தையைப் பார்த்தது. ஒரு வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி அது. பிரஷ் என்று சொன்னால் எதைக் கழுவியது என்று சொல்ல வேண்டும். சோப்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அத்தை நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார்.

"சாமிதாண்ணே" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு கர்வமும் வந்தது. இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள். அப்பாவே அன்றைக்கு என்னை "வாங்க" என்றார். சாயங்காலத்துக்குள் சாமி வந்தது உண்மைதான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது நினைவுக்கே வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தலைவர் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்க, அத்தையிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த பூசத்துக்கு இது மாதிரி நாலு வேணும் தங்கச்சி. அந்தச் சோப்புத் தகரம் மட்டும் வேணாம்." அத்தை அன்றிரவு சமையற்கட்டில் பாடிக்கொண்டே தட்டு கழுவினார். எதற்குப் பாட்டு என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வருஷம் தாத்தோ கெராமாட்டில் நாலு பிரஷ்கள் ஒரே வரிசையில் இறங்கின. பெரிய பையன்கள் தள்ளினார்கள். சக்கரம் பக்கம் என்னை விடவில்லை. சாமி வந்த பையனை வேலை வாங்கக் கூடாது என்று ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். "சாமி பிரஷ் வருது, தள்ளிக்கோ" என்று கூட்டம் வழிவிட்டது. அத்தை எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த நாலு கறுப்புக் கோடுகளும் பளபளவென்று நீள்வதைப் பார்த்தபடி, தலை நிமிர்ந்து, கண் இமைக்காமல் நின்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் பெருமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.