பூந்தமல்லி பைண்டரிடம் போய்ச் சேர்ந்த நான்கு முதல் பதிப்புகள்

போன சனிக்கிழமை ஆவடிக்கும் அங்கிருந்து பூந்தமல்லிக்கும் போனேன். பழைய புத்தகம் தேடி அலைகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முகப்பேரில் எனக்கு டைல்ஸ் கடை. பிரெஞ்சு சர்ரியலிசக் கவிஞர்களின் முதல் பதிப்புகளை லாபத்துக்கு விற்கத்தான் வாங்க ஆரம்பித்தேன். பிறகு விற்க மனம் வரவில்லை. ஒரு கவிஞரின் நான்கு சிறு நூல்கள் மட்டும் வருடக்கணக்கில் சிக்கவே இல்லை. நான்கும் ஆவடியில் விஜயா அம்மா வீட்டில் இருந்தன. அவருடைய காலமான கணவர் பாண்டிச்சேரியில் படித்தபோது வாங்கியவை. "தாள் உதிருது சார்" என்று போனில் சொன்னார். "பத்திரமா பாத்துக்கங்கம்மா" என்றேன்.

முகப்பேரிலிருந்து ஆவடிக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். விஜயா அம்மா காபி கொடுத்துவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். பழுப்பு ரெக்சின் பைண்டிங். முதல் பதிப்புக்கு உயிரே அன்றைக்குப் போட்ட மெல்லிய தாள் அட்டையும் வெட்டாத ஓரமும்தான். "நீங்கதான பத்திரமா பாத்துக்கச் சொன்னீங்க, பைண்டிங்குக்குக் குடுத்துட்டேன். மீதி மூணும் பூந்தமல்லில பைண்டர் பாய்கிட்ட இருக்கு. நீங்களே வாங்கிக்குங்க."

வேலையை நிறுத்தச் சொல்ல பாயின் எண் கேட்டு அழைத்தேன், லைன் பிஸி. ஆட்டோ பிடித்தேன், பத்து கிலோமீட்டர், முந்நூறு ரூபாய்.

"இன்னா சார், ஊட்ல யாருக்கும் உடம்பு முடியலியா?"

"புக்குப்பா. சீக்கிரம் போ."

"புக்குக்கா? வேற ஒண்ணு வாங்கிக்கினா போச்சு."

பாய் சிரித்த முகத்தோடு மூன்றையும் நீட்டினார். "நீங்க கெளம்பிட்டீங்க, காக்க வைக்காதீங்கன்னு அம்மா போன் பண்ணாங்க. மத்த வேலைய ஓரங்கட்டிட்டு உங்களுத முடிச்சேன்."

"பழைய அட்டை?"

"பசை தடவ அடியில போட்டேன் சார்." தரையில் மூன்றும் ஒட்டிச் சுருண்டு கிடந்தன. "ஓரமும் மேடும் பள்ளமுமா இருந்துச்சி, மிஷின்ல உட்டு நேர் பண்ணிட்டேன். பிரெஞ்சு எழுத்து நம்மகிட்ட இல்ல. அம்மா சொன்னாங்க, நாலுலயும் உங்க பேரையே போட்டுட்டேன்."

புத்தகங்களின் முதுகில் தங்க எழுத்தில் என் பெயர். ஆவடியில் இருந்த கலக்கத்தில் அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

விஜயா அம்மா அழைத்தார். "நல்லா கட்டியிருக்காரா சார்?"

"நல்லா இருக்கும்மா."

பேசிய விலையை அனுப்பிவிட்டேன். இப்படிப் பழைய புத்தகம் வாங்கப் போகிறவர்கள் போனில் பத்திரம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு பிரதி தேடும் தெம்பு எனக்கு இல்லை. நான்கும் என் பெயரோடு அலமாரியில் நிற்கின்றன. இனி அவற்றை யாரும் கேட்டு வரப்போவதில்லை.