நீலம் வருவதற்குள்

சனிக்கிழமை காலை கைப்பேசி ஒலித்தபோது தெய்வானைதான் என்று எடுத்தேன். நோயோடு மலைமேல் நாகலூரில் அம்மா வீட்டில் படுத்துவிட்ட பிறகு, தினமும் அந்த நேரத்துக்கு அழைத்து, "ஏனுங்க சார், நீலம் வந்துச்சுங்களா?" என்று கேட்பார். அன்று பேசியது அவருடைய தம்பி. "அக்கா போயிட்டாங்க சார்" என்றார்.

சேலத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த நீலம் தெரியும். காப்பிச் செடியின் வேர்மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை நானும் அவரும் ஆராய்ந்து வந்தோம். அதற்கு டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் வேண்டும். வெளியே கிடைத்தால் எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால்தான் அதைத் தயாரிக்கும் மரபணுக்களை இயக்கும். அவை இயங்கினால் நீல நிறம் வரும்படி மாற்றி வைத்திருந்தோம். "அது சோம்பேறி இல்லீங்க, நொம்பச் சிக்கனம்" என்பார் தெய்வானை.

அவரும் சிக்கனம்தான். அதுதான் எங்களைக் கவிழ்த்தது. வளர்ப்புத் தட்டு வீணாகக் கூடாதென்று அதையும் வேறொரு வகைப் பாக்டீரியாவையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தார். அமினோ அமிலமே சேர்க்காத தட்டு, ஆனாலும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வைத்தும் நீலம் வராமல் வெள்ளையாகவே இருந்தது. நான் எரிந்து விழுந்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"பக்கத்து ஊட்டுக்காரன் டிரிப்டோபேனைக் கசிய விடறானுங்க சார். எஸ்டேட் லைன் ஊட்டுல எங்கம்மாவும் இப்படித்தான். பக்கத்து ஊட்டுக் கொழம்பு வந்துட்டா அடுப்பே பத்தவைக்க மாட்டாங்க."

தனித்தனித் தட்டுகளில் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதற்குள் நோய் முற்றிவிட்டது. "நீங்க வைங்க சார். பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன்.

அவருடைய காரியம் முடிந்த வாரத்தில் நீலம் வந்தது. ஆய்வகத்தில் தனியாக நின்று அழுதேன். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு பஸ் பிடித்து மலையேறினேன். அவருடைய அம்மா கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்குத்தானுங்களா சாமி அவ காத்துக்கிட்டுக் கெடந்தா?"

பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாலை போட்ட மகளின் படத்துக்கு நேராகத் திரையைத் திருப்பிப் பிடித்தார்.

"வந்துடுச்சு கண்ணு. பாத்துக்கோ."

பார்த்து முடித்த தட்டுகளைக் கழித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். தெய்வானையிடம் நான் சொல்ல வேண்டியிருந்ததை அம்மா சொல்லிவிட்டார்.