பத்தாவது ஆள்

இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதர்களைத் தங்கவைத்த எங்கள் தகரக் கொட்டகை முகாமில், பாக்தாதிலிருந்து வந்த எல்லாரும் அங்கே இருந்தவரை பெரிய ஆள்தான். கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். ஹெஸ்கேல் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். அங்கே அவர் பேர்போன கோல்கீப்பர் என்பதே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இஸ்ரேலில் விமானத்தை விட்டு இறங்கியதும் எல்லார்மேலும் பூச்சி மருந்து அடித்தார்களே, அப்போது மற்றவர்கள் திட்டினார்களாம். இவர் பந்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாராம்.

அப்பா, அம்மா இருவரும் பாக்தாத் மண்ணுக்குள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாரம் முழுக்கத் தார் ரோடு போடுவார். ராத்திரி அவித்த முட்டையும் மாங்காய் ஊறுகாயுமாகத் தனியே சாப்பிடுவார். பக்கத்து நகரத்து அணியில் இரண்டாவது கோல்கீப்பர் வேலை கிடைத்தது. அதாவது, பெஞ்சில் உட்காரும் வேலை. அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆள் மாற்ற முடியாது.

ஆட்டமெல்லாம் சனிக்கிழமைதான். யூதர்களுக்கு அதுதான் ஓய்வுநாள். அன்றைக்கு ஹெஸ்கேல் வண்டி ஏறமாட்டார், கையில் எதையும் சுமக்கவும் மாட்டார். வெளியூர் ஆட்டமென்றால் அணி சனிக்கிழமை லாரியில் போகும்; இவர் வெள்ளி மதியமே பஸ் பிடித்துப் போய், அந்த ஊர் ஜெப ஆலயத்து பெஞ்சில் படுத்துக்கொள்வார்.

"ஆடுறது பாவமில்ல, லாரில ஏறுறதுதான் பாவமா?" என்று அணிக்காரர்கள் சீண்டுவார்கள்.

"ஒரு பாவம் போதும்டா. ரெண்டு எதுக்கு?" என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் முதல் கோல்கீப்பர் விரலை உடைத்துக்கொண்டான். பயிற்சியாளர் லாயோஷ், ஹங்கேரிக்காரர், ஹெஸ்கேலைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை நீதான் நிக்கிற. ரெண்டரைக்கு விசில். அப்ப நீ இல்லன்னா இந்த அணியில நீ எப்பவுமே இல்ல. புரிஞ்சுதா?"

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வெள்ளிக்கிழமையே, ஆட்டம் நடக்கவிருந்த ஊருக்குப் போய்விட்டார்; லிபியாவின் திரிப்போலியிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த ஊர் அது. சனி மதியம், சுமக்கக்கூடாதே என்று ஜெர்சியை வெள்ளைச் சட்டைக்குள் போட்டு, ஆணி வைத்த பூட்ஸைக் காலிலேயே மாட்டி, ஜெப ஆலயத்துக் கல்தரையில் டக் டக்கென்று வாசலுக்கு வந்தார்.

ஹமூஸ் என்ற பெரியவர் வழிமறித்தார். அவருடைய அப்பா செத்து மாதம் இரண்டு. செத்தவருக்கான ஜெபத்தை மகன் பதினொரு மாதம் சொல்லவேண்டும்; அதையும் பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்ல முடியும்.

"தம்பி, ஒம்பது பேர்தான் இருக்கோம்."

"மத்தவங்கல்லாம் எங்க, பெரியவரே?"

"எங்கயா? உன் ஆட்டத்தப் பாக்கத்தான் ஊரே போயிருக்கு!"

"ஆட்டம் முடிஞ்சு வருவாங்கல்ல?"

"ஜெயிச்சா குடிப்பானுங்க, தோத்தா அடிச்சுக்குவானுங்க. எவன் வருவான்?" பெரியவர் சிரித்துவிட்டு வாசலை விட்டு விலகினார். "நீ போ தம்பி. உனக்கு வேலை இருக்கு."

ஹெஸ்கேல் போகவில்லை.

வேதச் சுருளைப் பிரித்தார்கள். விருந்தாளிக்கு மரியாதை செய்ய அவரை வாசிக்க அழைக்கவேண்டும். அழைக்கும்போது தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம்.

"அப்பா பேரு என்னப்பா?"

இந்த நாட்டில் அதுவரை குமாஸ்தாக்கள் மட்டுமே கேட்ட கேள்வி. மற்றவர்களுக்கு அவர் வெறும் "இராக்கி".

"முராத்," என்றார். இன்னொரு தரம் சொல்லவேண்டி வந்தது.

"முராதின் மகன் ஹெஸ்கேல் எழுந்து வரட்டும்!" என்று ஒரு பல்லில்லாத கிழவர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். அந்தச் சத்தத்தோடு ஆரஞ்சுத் தோப்புக்கு அப்பாலிருந்து விசிலும் கேட்டது. ஹெஸ்கேல் டக் டக்கென்று நடந்து போய்ச் சுருளின் முன் நின்றார். பிறகு ஹமூஸ் தன் அப்பாவுக்கான ஜெபத்தைச் சொன்னபோது, ஒவ்வொரு இடத்திலும் இவருடைய ஆமென்தான் பலமாக இருந்ததாம்.

ஹெஸ்கேல் மைதானத்துக்குப் போனபோது நான்கு கோல் விழுந்திருந்தது. கோலில் நின்றவன் முன்வரிசை ஆட்டக்காரன், பந்தைக் கண்டால் உதைக்க மட்டுமே தெரிந்தவன். லாயோஷ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து அணியின் லாரி கிளம்பியது. ஓய்வுநாள் முடிந்து பஸ் ஓடத் தொடங்க வானத்தில் நட்சத்திரம் வரவேண்டும். அதுவரை ஹெஸ்கேல் காலி மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எந்த அணியும் அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் முகாம் வாசலில் அதே பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நாங்கள் சும்மா விடுவோமா?

"என்ன ஹெஸ்கேல் அண்ணே, அங்க ஆட்டமே இல்லியே! யாரு கோலத் தடுக்கப் போறீங்க?"

"ஹமூஸுக்கு இன்னும் ஒம்போது மாசம் இருக்குடா," என்றார்.

பஸ் வந்தது. காலியாக இருந்த கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கையசைத்தோம். கிண்டலுக்குத்தான்.