ஏழாம் பேனல்

எங்கள் அலுவலகத்தில் வள்ளியம்மை அக்காவின் பொட்டைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. அவருக்கு இந்த அட்டெண்டர் வேலை கிடைத்ததே கணவர் சுரங்கத்தில் இறந்ததற்காக. அவரோ நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் பூவுமாக வருவார். "வேலை வாங்க மட்டும் புருஷன் செத்துட்டாரா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரோடும் நான் டீ குடிப்பதில்லை.

கணவர் கலியன் விருத்தாசலம் பக்கத்துக்காரர். ஜார்க்கண்டில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை. அங்கே மேல்பாறையைத் தாங்க நிலக்கரியையே தூண் தூணாக விட்டுவைப்பார்கள். கடைசியில் பின்வாங்கிக்கொண்டே அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். ஏழாம் பேனல் என்ற பகுதியில் அப்படி வெட்டும்போது மேல்பாறை இறங்கிவிட்டது. தீயும் பிடித்ததால் வழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கலியன் உள்ளேயே இருந்துவிட்டார்.

கம்பெனி சாவுச் சான்றிதழ் தந்தது, டெல்லியில் வேலை தந்தது. உடம்பைத் தரவில்லை. "கண்ணால பாக்காத சாவுக்கு நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்?" என்பார் அக்கா. ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் வந்து போய், ஒற்றை ஆளாக மகனையும் படிக்க வைத்துவிட்டார்.

நான் திட்டப் பிரிவில் எஞ்சினியர். போன வருஷம் அதே சுரங்கத்தை மறுபடி திறக்கும் திட்டம் என் மேஜைக்கு வந்தது. இப்போது ஆள் தூணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். இயந்திரம் வெட்டும், ஓட்டுபவர் தள்ளி நின்று ரிமோட்டில் இயக்குவார். வரைபடச் சுருளைக் கொண்டுவந்து வைத்த அக்கா, அங்கேயே நின்றார்.

"மெஷின்தான சுஜாதா போவுது? ஏழாம் பேனலுக்கும் போவச் சொல்லும்மா. எலும்பாச்சும் கெடைக்கும்ல."

கூட்டத்தில் கேட்டேன். மேலதிகாரி கல்யாணராமன் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "இடிஞ்ச எடத்துல விட்டா மெஷினே புதைஞ்சிடும், சுஜாதா. மேலேர்ந்து துளை போட்டு, அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணில கரைச்சு எறக்கிடலாம். கெட்டியாயிடும். சுத்தியிருக்கற ஆளுங்களுக்கு அதான் பாதுகாப்பு."

சரியான பதில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தவறாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஏழாம் பேனலை நிரப்பும் வரைபடத்தை நானே வரைந்தேன். சாம்பல் இறக்கப் போவதை அக்காவிடமும் சொன்னேன்.

சாம்பலை இறக்குமுன் துளை வழியாக ஒரு கேமராவை விட்டு உள்ளே பார்த்தார்கள். அந்த வீடியோ எனக்குக் கிடைக்கப் பத்து நாளாயிற்று. அதற்குள் அங்கே நிரப்பும் வேலையே முடிந்திருந்தது. அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடியோவை மட்டும் காட்டினேன்.

சாப்பாட்டு நேரம். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் கறுத்த தண்ணீர், தூசி, சரிந்து கிடந்த ஒரு மரக்கட்டை. அவ்வளவுதான். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். அந்தக் கட்டை வந்த இடத்தில் திரைமேல் விரலை வைத்தார்.

"இதுக்கு அந்தாண்ட என்னமோ இருக்குது பாரு. கேமராவக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லும்மா. ஜல்தி சொல்லு, சாம்பலக் கொட்டிடப் போறானுங்க."

"சொல்றேங்க்கா" என்றேன்.