ஆயிஷாவின் காய்ச்சல்

என் தவறுக்கு ஒரு தாயைக் குற்றவாளியாக்கினேன். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளாக அவள் அதைச் சுமக்கிறாள்.

வேங்கிக்காலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் மையம் நடத்துகிறேன். குழந்தைகளைச் சோதிப்பதில் இந்த ஊரில் எனக்கு நிகரான ஆளில்லை! நீங்கள் முகம் சுளித்தாலும் சரி, அது உண்மை.

வளையல் கடைக்காரரின் மனைவி மும்தாஜ், ஒன்றரை வயது மகள் ஆயிஷாவோடு வந்தாள். "குக்கர் விசில் அடிச்சாகூட திரும்ப மாட்டேங்கறா மேடம்" என்றாள். குழந்தையின் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். சட்டெனத் திரும்பினாள். மணியடித்தேன். அதற்கும் திரும்பினாள்!

அதோடு விடக் கூடாது. குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் கம்பிகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு பதில் தருகிறதா என்று கருவியில் பார்க்க வேண்டும். கருவி பக்கத்து அறையில்தான் இருந்தது...

"எத்தனை குழந்தைங்களைப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதாம்மா? நல்லா கேக்குது, போயிட்டு வாங்க" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தார்கள். ஆயிஷா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இம்முறை கருவியில் பார்த்தேன். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு.

அப்படியானால் அன்று எப்படித் திரும்பினாள்? மறுநாள் காலை அதே இடத்தில் நின்று கையைத் தூக்கினேன். ஜன்னல் என் முதுகுப் பக்கம். எதிர்ச் சுவரில் என் கையின் நிழல் ஆடியது. காது கேளாத குழந்தையின் கண் எதையும் தவறவிடாது; எங்கள் படிப்பில் அது முதல் பாடம். எனக்கா தெரியாது?

அடுத்த வாரம் மும்தாஜ் கேட்டாள்: "நீங்க பார்த்து ஒரு மாசத்துல இவளுக்கு ஜாஸ்தி ஜுரம் மேடம். பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், ஆட்டோவே கிடைக்கல. காலைல போலாம்னு விட்டுட்டேன். அதுலதான் காது போயிடுச்சா?"

"இருக்கலாம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன்? என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்... வேறென்ன!

பிறகு பம்பரமாய் உழைத்தேன். காதுக் கருவி பொருத்தி, நாள் தவறாமல் பேச்சுப் பயிற்சி கொடுத்தேன். ஒருநாள் கருவியை மாட்டப் போனபோது ஆயிஷா என் கையைத் தள்ளி, "வேணாம்" என்றாள். அவளுடைய முதல் சொல்! நான் துள்ளிக் குதித்தேன். இன்று பள்ளியில் பாட்டுகூடப் பாடுகிறாள். பெருமையா? ஆம், பெருமைதான். ஆனாலும் வகுப்புப் பிள்ளைகளைவிட அவள் பேச்சு பின்தங்கியே இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

நேற்று வெளியே காத்திருந்த இன்னொரு தாயிடம் மும்தாஜ் பேசிக்கொண்டிருந்தாள். "மேடம் கைராசிக்காரங்க. என் பொண்ணைப் பேச வெச்சதே அவங்கதான்." கதவருகே நின்ற எனக்குத் தலை நிமிர்ந்தது... ஆம், அப்போதும்!

"ஜுரம்னா மட்டும் ஒரு ராத்திரிகூட தள்ளிப் போடாதீங்க" என்று அவள் தொடர்ந்தாள். "நான் தள்ளிப் போட்டுத்தான் என் பொண்ணு காதைக் கெடுத்துட்டேன்."

வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த குழந்தையை உள்ளே வரச் சொன்னேன்.