பதினொன்றாம் பாடத்தின் ஐந்து வாக்கியங்கள்

தபால் வழியே ஆங்கிலம் கற்பித்த எங்கள் நிலையத்தில் அவர் விடைத்தாள் திருத்துபவர். நான் பதிவேடு வைத்திருந்தவன். 'சிவப்பு மை' என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். நாளொன்றுக்கு அறுபது தாள். முதல் இருபத்தாறு வருடத்தில் அந்தக் கணக்கு குறைந்தது பதினான்கு நாள் மட்டுமே. அவருக்கு அம்மை போட்டிருந்த நாள்கள் அவை.

பதினொன்றாம் பாடம் அவருக்குச் செல்லப்பிள்ளை. ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்தச் சிறுசொல் வர வேண்டும் என்பது அதில் வரும். "'வெயிட்'டுக்கு 'ஃபார்'தான் சம்சாரம். 'டிபெண்ட்'டுக்கு 'ஆன்'. இந்த 'லுக்' இருக்கே, அதுதான் ஊர் மேயும். 'அட்', 'ஃபார்', 'ஆஃப்டர்'னு எதோட வேணும்னாலும் போகும்" என்பார்.

"இந்தப் பாடத்தை உங்க வீட்டம்மாகிட்ட நடத்திப் பாருங்களேன் சார்" என்பாள் தபால் பிரிக்கும் பெண்.

புத்தகத்திலிருந்து எடுத்து எழுதக்கூடாது, மாணவர் எழுதி அனுப்பும் ஐந்து வாக்கியமும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. ஆனால் அவர் வாக்கியத்தைப் படிப்பதில்லை. வினைச்சொல், அதற்கு அடுத்த சொல், இரண்டை மட்டும் பார்ப்பார். அறுபது தாள் முடிந்தது அப்படித்தான்.

2317ஆம் எண் மாணவி ஆடைத் தொழிற்சாலையில் காஜா எடுப்பவள். அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அவள் தாளில் ஓரிடத்தில் 'லிசன்' என்ற சொல்லுக்குப் பின் 'டு' விட்டுப்போயிருந்தது. அதைச் செருகி, பத்துக்கு ஒன்பது போட்டு, 'நன்று' என்று எழுதி அனுப்பிவைத்தார்.

இருபத்து மூன்றாம் நாள் உறை திரும்பி வந்தது. 'விலாசதாரர் இல்லை' என்று தபால்காரர் குறித்திருந்தார். பதிவேட்டுக்காக நான் உறையைப் பிரித்தேன். தாளைப் படித்துவிட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை முதன்முறையாகப் படித்தார்.

'தங்குவதற்கு அக்கா கணவரை நம்பியிருக்கிறேன். நான் குளிக்கும்போது அவர் என்னைப் பார்க்கிறார். அக்காவிடம் உதவி கேட்டேன். யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.'

அன்று மத்தியானமே அந்த விலாசத்துக்குப் போனோம். பனியன் போட்ட ஒருவர் கதவைப் பாதி திறந்தார்.

"அவ வேலையை விட்டுட்டுப் போயிட்டா."

"எங்கே போனாங்க?"

"சொல்லிட்டா போவாங்க? நீங்க யாரு சார் அவளுக்கு?"

உள்ளே ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு கேட்டதும் சத்தம் நின்றது. கதவைச் சாத்தும் வரை மறுபடி கேட்கவில்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பரீட்சைப் பேப்பர் சார். நீங்களே நல்லாருக்குன்னு மார்க் போட்டிருக்கீங்க. இதை வச்சு நான் என்ன எழுதறது?"

அதன் பிறகு அவரால் நாளுக்குப் பதினைந்து தாளைத் தாண்ட முடியவில்லை. 'என் அண்ணன் கிணற்றில் விழுந்தான்' என்று எழுதிய ஒருவனுக்கு நலம் கேட்டு விரைவுத் தபால் அனுப்பினார். 'எனக்கு அண்ணனே இல்லை ஐயா' என்று பதில் வந்தது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தினமும் பத்தரைக்குத் தபால் பிரிக்கும்போது என் பக்கம் திரும்பி, "2317 வந்துச்சா?" என்பார். ஓய்வுபெற்ற பிறகு அதே பத்தரைக்குத் தொலைபேசியில் கேட்டார். பதினோரு வருடம், "இல்லை" என்றே சொன்னேன்.

கடைசியாக மருத்துவமனையில் கிடந்தார். அவர் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "அண்ணே, வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மனுஷன் நிம்மதியாப் போகட்டும்."

பதிவேட்டில் பொய்யாக ஒரு வரி எழுதியவன் அல்ல நான். இருந்தும் உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்து, "2317 வந்துடுச்சு. பன்னிரண்டாம் பாடம்" என்றேன்.

அவர் கண் திறந்தது.

"ஒரு தப்புகூட இல்லை" என்று சேர்த்துக்கொண்டேன்.

"தப்பை யாரு கேட்டா?" என்றார். "என்ன எழுதியிருக்காங்க, அதைச் சொல்லுங்க."

என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை.