நிப்பாட்டிய வண்டி

என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு என்று தெரு முழுக்கச் சொன்னார். கோவில்பட்டியில் அவருக்கு பெயிண்ட் கடை. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற ஒரே மேடு வேகத்தடைதான். ஏறுவதற்கே ஸ்டூல் வேண்டியிருக்கிற அந்த வண்டிக்காக என் சின்னக் காரை விற்றுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

ஒருநாள் சண்டையில் அவரே வாயைக் கொடுத்தார்.

"இது எங்கயாவது ஒரு தடவ சிக்கட்டும், மறுநாளே வித்துட்டு ஒனக்குக் கார் வாங்கித் தாரேன்."

இரண்டு நாள் கழித்து, "கடக்கரையில கூடாரம் போட்டுத் தங்கிப் பறவ பாப்பமா?" என்று கேட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். போகிற வழியில் எட்டயபுரம் பக்கம் ஒரு பிள்ளையாரைப் பார்த்ததும், வண்டி சிக்கினால் ஒரு தேங்காய் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார் என்னைச் சோதித்தார். குளத்தூர் தாண்டி, உடைமரங்களுக்குள் புகுந்து, மணல்மேடெல்லாம் ஏறி இறங்கியது வண்டி. ஒவ்வொரு மேட்டிலும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புளியோதரைத் தூக்கை மடியில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

உப்பளத்துக்கு அப்பால் தேங்கிய தண்ணீரில் பூநாரைகள் நின்றன. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே தரை வெள்ளையாகக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கடற்கரைக்காரர்கள் என்றால் இறங்கி நடந்திருப்பார்கள். நாங்கள் கரிசல்காட்டில் பிறந்தவர்கள். ஈரக் கரிசலில் காலை வைக்காதே, வெடித்த கரிசலில் லாரியையே விடலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சாஸ்திரம்.

"வெடிச்சில்லா கெடக்கு, தாங்கும்" என்றார். தாங்கித் தொலைக்கும் என்றுதான் எனக்கும் பட்டது.

பாதி தூரத்தில் அந்த வெள்ளைத் தோல் கிழிந்தது. அடியில் முழுக்கக் கூழ். நாலு சக்கரமும் ஒற்றுமையாக இறங்கின. அவர் மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கின. எஞ்சினை அணைத்தார்.

"சிக்கிட்டோ?" என்றேன், முடிந்தமட்டும் பணிவாக.

"சிக்கல. நிப்பாட்டியிருக்கேன். இங்கன இருந்தாத்தான் பறவ நல்லாத் தெரியும்."

"அப்பம் சரி" என்று தூக்கைத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் இறங்கி வண்டியைப் பின்னால் இருந்து முக்கி முக்கித் தள்ளினார். எட்டிப் பார்த்தேன். முழங்கால்வரை சகதி.

"டயர்ல காத்து இருக்கான்னு பாக்குதேன்" என்றார்.

அந்தச் சகதியில் கூடாரம் அடிக்க வழியில்லை. அதைப் போர்த்திக்கொண்டு சீட்டிலேயே தூங்கினோம்.

விடியும்போது அவர் என் கையைத் தொட்டார். கண்ணைத் திறந்தால், ராத்திரி கடல் ஏறி வண்டியைச் சுற்றிக் கணுக்காலளவு தண்ணீர், அது முழுக்கப் பூநாரைகள். இவ்வளவு நேரம் அசையாமல் கிடந்த ஜீப்பை அவை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அலசிக்கொண்டிருந்தன. ஒன்று ஒற்றைக் காலில் நின்று என்னையே பார்த்தது. வாய் ஓயாத மனிதர், என் கையைப் பிடித்தபடி மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் சின்னக் கார் என்னை இங்கே கொண்டுவந்திருக்காது. கோபம் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதே என்றும் இருந்தது.

வெயில் ஏறியதும் உப்பள வரப்பில் ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கிக் கேட்டார்.

"சிக்கிட்டா அண்ணாச்சி?"

"இல்ல, நிப்பாட்டியிருக்கோம்."

"அப்பம் நான் வாரேன்" என்று அவர் திரும்பி நடந்து டிராக்டரில் ஏறிவிட்டார்.

என் வீட்டுக்காரர் டிராக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜீப்பின் ஸ்டீயரிங்கை ஒருதடவை தடவினார். பாவமாக இருந்தது.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்று கூப்பிட்டார். "வண்டி சி..."

"சிக்கல அண்ணாச்சி" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நிப்பாட்டினதுதான் கொஞ்சம் ஆழமாப் போயிட்டு. கயிறு இருக்கா?"

திரும்பும்போது எட்டயபுரம் பக்கம் அந்தப் பிள்ளையார் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே ஒரு தேங்காய் வாங்கினேன்.

"எதுக்குட்டி தேங்கா?"

"நம்மதான் நிப்பாட்டியிருக்கோம்னு சொன்னோம். பிள்ளையாரு உள்ளதப் பாத்துக்கிட்டுல்லா இருந்தாரு" என்று சொல்லிவிட்டு ஸ்டூலைக் கேட்டேன், இறங்குவதற்கு.